புதியவரை வரவேற்றல்

இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் ஓர் அலுவலகத்திலோ ஆலையிலோ பள்ளியிலோ புதியவராக அடியெடுத்து வைப்பீர்கள். பின்னர்ப் புதியவரை வரவேற்கும் நிலையையும் அடைவீர்கள். அந்த இரண்டாம் நிலையில் நான் செய்த பிழையொன்றைக் கூறுகிறேன்.

2003ஆம் ஆண்டு நான் தலைமையாசிரியனாக இருந்த ஊர்ப்புறப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியர் ஒருவர் புதிதாக வந்தார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சால்வை போர்த்தினோம், கைதட்டினோம். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. அன்றே ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவை அவரிடம் ஒப்படைத்தேன். 68 மாணவர் கொண்ட அவ்வகுப்பை மூத்த ஆசிரியர் எவரும் ஏற்க விரும்பியதில்லை. புதியவர் மறுக்கமாட்டார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு இருக்கவில்லை.

நான்காம் மாதம் அவர் விலகல் கடிதத்துடன் என் அறைக்கு வந்தார். "ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அறியவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று, ஐயா" என்றார்.

"கேட்டிருக்கலாமே?"

"தகுதிகாண் பருவத்தில் இருப்பவன் நான். இதுகூடத் தெரியாதா என்று எண்ணிவிடுவீர்களோ என்று அஞ்சினேன்."

நல்ல ஆசிரியர் அவர். கடிதத்தைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார்.

ஜப்பானில் 1988இல் சட்டத்தைத் திருத்தி, மறு ஆண்டு முதல் படிப்படியாக, அரசுப் பள்ளிகளின் புதிய ஆசிரியர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். வகுப்பு எடுத்துக்கொண்டே, மூத்த ஆசிரியர் ஒருவரின் துணையுடன் அவர்கள் தொழிலைக் கற்கிறார்கள். இதை நான் முன்பே படித்திருந்தேன், படித்திருந்தும் செய்யவில்லை.

அடுத்த ஜூன் மாதம் தமிழாசிரியை ஒருவர் வந்தார். முதல் வாரம் பிறர் வகுப்புகளில் அமர்ந்து கவனிப்பதே அவருக்குப் பணி. அவருடைய பாடவேளைகள் மற்றவர் தலையில் ஏறியதால் முணுமுணுப்பு எழுந்தது; அது நியாயமான முணுமுணுப்புத்தான். அவருக்குத் துணையாக ஓவிய ஆசிரியரை அமர்த்தினேன். மதிப்பீட்டு அறிக்கை எழுதும் என்னிடம் கேட்கத் தயங்குவதை அவரிடம் தயங்காமல் கேட்கலாம் அல்லவா?

மாலையில் ஓவிய ஆசிரியர் வந்தார். "இன்று மட்டும் 14 கேள்விகள், சார். மூன்றுக்கு எனக்கே விடை தெரியவில்லை" என்றார். அம்மூன்றையும் எழுதி வாங்கினேன். முதலாவது இது: மழை பெய்தால், ஒழுகும் ஓட்டுக் கட்டடத்துப் பிள்ளைகளை எங்கே அமர்த்துவது? அதற்கு என்னிடமும் விடை இல்லை. மறுநாள் காலை நாங்கள் மூவரும் அக்கட்டடத்தைப் பார்க்கச் சென்றோம்.