நகம் வளரும் வேகம்

பசறை, மடுல்சீமைப் பக்கம் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கொழுந்தெடுக்கும் அக்காமாரின் கால் காய்வதே இல்லை. மலையிலும் ஈரம், பீலிக்கரையிலும் ஈரம். முதலில் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். கவனிக்காமல் விட்டால் அதே பூஞ்சை நகத்துக்குள் புகும். நகம் மஞ்சளித்துத் தடிக்கும், ஓரம் உதிரும்.

ஆனால் கெட்டுப்போன நகங்களில் ஏறக்குறையப் பாதிதான் பூஞ்சையால் வருவது. கல்லில் இடிபட்ட நகமும், சொரியாசிஸ் வந்த நகமும் பார்வைக்கு அப்படியே இருக்கும். அதனால் நகத்துண்டு ஒன்றை வெட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டு மருந்து தொடங்குவதே முறை.

பூஞ்சை நுனியில் மட்டும் என்றால் அமொரோல்ஃபின் பூச்சு போதும். நகத்தை அராவிவிட்டு வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை பூச வேண்டும். அடிவரை போயிருந்தால் டேர்பினஃபின் மாத்திரை. பெரியவர்களுக்கு வழக்கமாகத் தினம் 250 மில்லிகிராம். கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. டொக்டரைக் கேட்காமல் பாமசியில் வாங்கி விழுங்க வேண்டாம்.

இன்னொன்று. மாத்திரை முடிந்த அன்றும் நகம் பழையபடி அசிங்கமாகத்தான் இருக்கும்! கெட்ட நகம் திருந்தாது. புது நகம் அடியிலிருந்து முளைத்து அதைத் தள்ளவேண்டும். கால் பெருவிரலுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும்.

நகம் கெட்டுவருவதைக் கண்டால் சீனி வருத்தக்காரர்கள் மட்டும் காத்திருக்க வேண்டாம். அடுத்த கிளினிக்கிலேயே சப்பாத்தைக் கழற்றிக் காலைக் காட்டிவிடுங்கள்.