பெயரும் அச்சும்



நம் தமிழ்நாட்டுக் கடற்கரைகளில் கரையேற்றி நிறுத்தியிருக்கும் ஃபைபர் படகுகளைக் கண்டிருப்பீர்கள். வண்ணங்கள் பல, எழுதப்பட்ட பெயர்களும் பல. ஆயினும் படகு செய்வோர் ஒரே அச்சில் கண்ணாடி இழையையும் பிசினையும் அடுக்கடுக்காக இட்டு எத்தனையோ உடல்களை எடுத்துவிடுகின்றனர். எனவே வெவ்வேறு பெயர் தாங்கிய படகுகள் ஓர் அச்சில் பிறந்த உடன்பிறப்புகளாக இருப்பதுண்டு.

கடலில்லாத மைசூரிலும் இத்தகைய கதை ஒன்று நிகழ்ந்தது. அங்கே பெயர் மாறியது படகுக்கு அன்று, மோட்டார் சைக்கிளுக்கு.

1960-ஆம் ஆண்டில் ருஸ்தம் இரானி, ஃபரோக் இரானி ஆகியோர் மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனியை நிறுவினர். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்தாரிடம் உரிமம் பெற்று, 1961-இல் வண்டிகளைச் செய்யத் தொடங்கினர். ஜாவா என்றதும் தீவு நினைவுக்கு வரலாம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. யானெச்செக் என்னும் நிறுவனரின் பெயரையும், வாண்டரர் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் பெயரையும் சுருக்கி இணைத்த சொல் அது.

1973-இல் அப்பெயர் நீங்கி, 'யெஸ்டி' என்னும் புதுப்பெயர் பெட்ரோல் தொட்டியின்மேல் ஏறியது. உள்ளே இருந்ததோ அதே 250 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். உதைத்துக் கிளப்புவதற்கும் கியர் மாற்றுவதற்கும் பயன்பட்ட அதே ஒற்றை நெம்புகோலும் இருந்தது. ஜாவாவைப் பழுது பார்த்தவர் யெஸ்டிக்காகப் புதுப்பாடம் படிக்க வேண்டியிருக்கவில்லை.

1980-களில் ஜப்பானியக் கூட்டுறவோடு, குறைந்த பெட்ரோலில் ஓடும் 100 சி.சி. வண்டிகள் நம் ஓசூரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்தன. புகைக் கட்டுப்பாடுகளும் இறுகின. 1996-இல் மைசூர்த் தொழிற்சாலை மூடப்பட்டது.

பெயர்கள் மட்டும் மடியவில்லை. 2018-இல் ஜாவாவும், 2022-இல் யெஸ்டியும் மீண்டும் விற்பனைக்கு வந்தன. ஆனால் இவை ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட புதிய வண்டிகள். மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் உருவானவை. யெஸ்டி என்னும் பெயர் யாருக்கு உரியது என்பதே கர்நாடக உயர்நீதிமன்றத்தில் வழக்காகவும் ஆயிற்று.

1973-இல் பெயர் போயிற்று. உடலும் ஊரும் தொழிலாளரின் கைகளும் நின்றன. 2018-இல் பெயர் திரும்பிற்று. உடலும் ஊரும் அக்கைகளும் திரும்பவில்லை. பெயருக்கு விலை உண்டு, வாரிசு உண்டு, வழக்கும் உண்டு. வேலையிழந்த கைத்திறனுக்கு அவை இல்லை. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

அப்படியாயின் பெயரை அறவே புறக்கணிக்கலாமா? அதுவும் தவறு. அச்சு ஒன்றாயினும் இழையடுக்கைக் குறைத்துச் செய்த படகு அலையில் பிளக்கும். அதில் செல்வது ஒரு குடும்பத்தின் உயிர். செய்தவர் யார், செய்த முறை யாது, பழுதுற்றால் பொறுப்பேற்பவர் யார் என்பவற்றுக்கு விடை தரும் பெயரே நம்பத்தக்க பெயர். படகாயினும் வண்டியாயினும், வண்ணப் பூச்சைப் பார்த்து மயங்குமுன் இம்மூன்று கேள்விகளையும் கேட்டு வாங்குவோமாக.