முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவில் பழைய கடைத்தெரு இருந்த இடத்தை இன்று எவரும் நடந்து சென்று காண இயலாது. அம்பன் கங்கையோடு கலக்கும் களு கங்கைக்கு அங்கே அணை எழுந்தது. 2018 ஆம் ஆண்டில் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. பழைய ஊர் நீருள் மறைய, மக்கள் புதிய நகரிற் குடியேறினர். பிறர் வயல் விளையத் தம் மண்ணை விட்டு எழுந்தவர்கள் அவர்கள். அவர்கள் நடுவே தண்ணீரைப் பற்றிப் பேசுவோன் சற்று அடக்கத்தோடு பேசுதல் வேண்டும்.

நான் பேசவந்த பொருளும் சிறியதே: வீட்டு முற்றத்தில் நம் கையாலேயே ஒரு குழாய் அமைத்துக்கொள்வது எங்ஙனம்?

நான் கலைப் பட்டதாரி. குழாய் வேலை என் பாடத்திட்டத்தில் இருந்ததில்லை. ஆயினும், கத்தரிச் செடிகளுக்காக மனைவி நாள்தோறும் வாளி சுமப்பதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை.

முதலில் வீட்டுக்கு நீர் வரும் வழியிலுள்ள வால்வை மூடி, குழாயில் எஞ்சிய நீரை வடியவிட வேண்டும். அரை அங்குல பீ.வீ.சீ. குழாயை நேராக அறுத்து, விளிம்பின் பிசிறுகளை நீக்கி, உலரத் துடைத்து, ‘ரீ’ எனப்படும் மூன்று வாய் இணைப்பைப் பசையிட்டுப் பொருத்த வேண்டும். அதற்கடுத்துத் தனியே ஒரு வால்வு வைத்தல் நன்று. முற்றத்துக் குழாய் பழுதுற்றால், வீடு முழுதும் நீரின்றித் தவிக்க வேண்டியதில்லை. மண்வெட்டி படாத ஆழத்தில் குழாயைப் புதைத்து, மேலெழும் பகுதியை உறுதியான கம்பத்தோடு பிணைக்க வேண்டும். திருகும் இடங்களில் வெண்ணிற நாடாவை வலஞ்சுழியாகச் சுற்றுக. பசை டப்பாவிற் குறித்த நேரம் கழியுமுன் நீரைத் திறத்தல் ஆகாது.

குழாயடியில் ஒரு கல்லைப் பதித்து, வடியும் நீரை வாழைக்குத் திருப்பிவிடுக. தேங்கிய நீர் நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும்.

இவ்வளவும் செய்தேன்; பெருமையும் கொண்டேன். ஒரு நாள் உரம் கரைத்த வாளியுள் ரப்பர்க் குழாயின் முனையை அமிழ்த்தி வைத்திருந்தேன். திடீரென நீர்வரவு நின்றது. வாளியை நோக்கினேன், நீர்மட்டம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது! பெருங்குழாயில் அழுத்தம் குன்றவே, உரநீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, எல்லோரும் அருந்தும் நீரின் வழியே போய்க்கொண்டிருந்தது. முனையை வெளியே பறித்தேன். நீர் வழங்குவோருக்கு அறிவித்தேன். அன்று மாலை அயல் வீட்டுக் கதவுகளைத் தட்டி, “குழாய் நீரைக் குடியாதீர்கள், தவறு என்னுடையது” என்று சொல்ல நேர்ந்தது. முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் அத்துணைக் கடினமான பாடத்தை நான் நடத்தியதில்லை.

மறுநாளே, நீரைத் திரும்பிச் செல்லவிடாத ஒருவழி வால்வை, அதன் அம்புக்குறி நீர் செல்லும் திசையை நோக்கப் பொருத்தினேன். அது பழுதடையவும் கூடும். ஆதலால், உரமோ நஞ்சோ கலந்த வாளியுள் குழாயின் முனை என்றும் அமிழ்தல் ஆகாது. வாளியின் விளிம்புக்கு மேலேயே நிற்க வேண்டும்.

முற்றத்துக் குழாய் நம்முடையது. அதனுள் ஓடும் நீரோ ஊராருடையது. இதனை மறவாதிருப்போமாக.