குறைமாதக் குழந்தையின் நோவு

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. 1956-இல் எல்லை வகுத்தபோது விளவங்கோடு சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுமுறைகள் மட்டும் பிரியவில்லை. 37 வாரம் நிறையுமுன் இங்கு ஒரு சிசு பிறந்துவிட்டால், சிலர் திருவனந்தபுரத்து அவிட்டம் திருநாள் மருத்துவமனைக்கும், சிலர் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்திற்கும் விரைகின்றனர். எங்கே சென்றாலும் பாட்டிமார் மனத்தில் ஓர் அச்சம் எழுவதுண்டு: "நோவு தெரியாதிருக்க மருந்து கொடுத்தால், பிள்ளை பின்னாளில் மந்தமாகிவிடாதா?"

இது பாமரக் கேள்வியன்று. பெரிய மருத்துவர்களே தடுமாறிய கேள்வி. 1980-களின் நடுப்பகுதிவரை, பச்சிளங் குழவிக்கு நோவுணர்ச்சி முதிரவில்லை என்று மேலைநாட்டு மருத்துவர் பலர் நம்பினர். ஆகவே அறுவைச் சிகிச்சையிலும் போதிய நோவுநீக்கி கொடுக்காமலே விட்டனர். இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த் என்னும் நம் நாட்டவர் இதனை ஐயுற்றார். அறுவை முடிந்து திரும்பிய குழந்தைகளின் நிலை அவரை வருத்தியது. இருதயத்தருகே குழாய் கட்டும் அறுவைக்குட்பட்ட குறைமாதச் சிசுக்களில் ஒரு பிரிவினருக்கு, வழக்கமான மயக்கத்தோடு ஃபென்டனிலும் சேர்த்துக் கொடுத்தார். அப்பிரிவினரின் உடற்கலவரமும் பின்விளைவுகளும் குறைந்திருந்ததை 1987-இல் வெளியிட்டார்.

உண்மையில், நோவை மூளைக்கு ஏற்றிச் செல்லும் நரம்புகள் முன்னரே அமைந்துவிடுகின்றன. அதனைத் தணிக்கும் நரம்புகளே பிந்தி முதிர்கின்றன. குறைமாதக் குழந்தை குறைவாக நோகிறது என்பது தலைகீழான எண்ணம். குதிகாலில் மீண்டும் மீண்டும் ஊசி குத்தப்பெறும் சிசுவின் நிலையை எண்ணிப் பாருங்கள். அத்தகைய நோவு மிகுதியாகப் பட்டோர் 8, 18 மாத வயதில் அறிவிலும் உடலசைவிலும் சற்றே பின்தங்கினர் என்று கனடாவில் ரூத் கிரூனோ குழுவினர் 2009-இல் கண்டனர்.

அப்படியானால் மருந்தை வாரி வழங்கலாமா? அதுவும் தகாது. சுவாசக் கருவியில் இருந்த 898 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து 2004-இல் வெளிவந்த ஆய்வில், எல்லோர்க்கும் பொதுவாக மார்ஃபின் கொடுப்பதால் மரணமோ மூளைச் சேதமோ குறையவில்லை. சிலருக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்தது. பாட்டியின் வினாவுக்கு நேரான விடை நெதர்லாந்திலிருந்து வந்தது. மார்ஃபின் பெற்ற குழந்தைகள் 5 வயதில் அறிவுச் சோதனையின் ஒரு பகுதியில் சற்றுக் குறைந்திருந்தனர். 8, 9 வயதில் அக்குறை காணப்படவில்லை. பெரிய அறுவைக்கு மருந்து வேண்டும் என மருத்துவர் கூறும்போது, பிள்ளை மந்தமாகும் என்றஞ்சி மறுப்பது நன்றன்று.

சிறு ஊசிகளுக்கோ வேறு உபாயங்கள் உண்டு. 1978-இல் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால், சிசுவைத் தாயின் மார்போடு ஒட்டி வைக்கும் முறை பிறந்தது; இன்று அது நோவையும் தணிப்பதாக அறிந்துள்ளோம். தாய்ப்பால் ஊட்டிக்கொண்டே ஊசி போடுவதும் அத்தகையதே. பால் குடிக்கவியலாச் சிசுவுக்கு, நாவில் சில துளி தாய்ப்பாலோ, மருத்துவமனையில் அளவறிந்து தரும் சர்க்கரைக் கரைசலோ உதவும். வீட்டில் வயம்பும் பொன்னும் தேனில் உரைத்துத் தடவும் வழக்கம் வேறு. ஓராண்டு நிரம்பாக் குழந்தைக்குத் தேனால் கொடிய நச்சுநோய் வரக்கூடும்.

செவிலியர் ஊசியுடன் வரும்போது தாய் எழுந்து வெளியே செல்வதையே நாம் பெரும்பாலும் காண்கிறோம். "பிள்ளையை நான் மார்பில் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று அவள் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம், மலையாளத்திலும் கேட்கலாம்.