எரிமலைக்குள் ஒரு ரயில் நிலையம்



மலை நடை பற்றிப் பேசுகிறவர்கள் பேச்சை மலையடிவாரத்தில்தான் தொடங்குவார்கள். அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பது யார் கணக்கிலும் வருவதில்லை. காரை நிறுத்தினோம், ஏறினோம், இறங்கினோம், காரை எடுத்தோம். கணக்கில் வராத அந்தப் பகுதியைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன். பிரான்சின் நடுவில் ஓவேர்ன் என்று ஒரு மேட்டுநிலம் இருக்கிறது. ஓய்ந்துபோன எரிமலைகளின் நாடு அது. அங்கே ரயிலையும் பேருந்தையும் நம்பி நடக்கப் போவது ஏதோ சிக்கனத்துக்காகச் செய்கிற காரியம் இல்லை. காரில் போகிறவருக்குக் கிடைக்காத ஒரு நடை அதில் கிடைக்கிறது. இது என் கட்சி.

அவை எரிமலைகள் என்பதே வழியில் போன ஒருவர் கண்டுபிடித்ததுதான். 1751-இல் கெத்தார் என்ற இயற்கை ஆய்வாளர் பாரீசிலிருந்து தெற்கே பயணம் செய்தார். மூலான் என்ற ஊரில் ஒரு கறுப்புக் கல் அவர் கண்ணில் பட்டது. பார்த்தால் எரிமலைக் குழம்பு உறைந்த கல். இது எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொண்டே போனார். வோல்விக் என்ற ஊரின் கல் சுரங்கம் வந்தது, அதற்கப்பால் குன்றுகள் வந்தன. அதுவரை அவற்றை எரிமலை என்று சொன்னவர் அநேகமாக யாருமில்லை. இன்றும் பாரீசிலிருந்து கிளெர்மோன்-ஃபெரான் நகருக்குப் போகிற ரயில் பெரும்பாலும் மூலானில் நின்றுதான் போகிறது. ஆக, அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதே மலை தொடங்கிவிடுகிறது. கிளெர்மோனில் இறங்கினால் பேராலயமே கரி பூசியதுபோல் நிற்கும். அதுவும் வோல்விக் கல்.

இந்தக் கிளெர்மோன் யாருடைய ஊர் தெரியுமா? மிஷலின் டயர் நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான். நம் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே மிஷலின். மக்கள் காரில் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும் என்று 1900-இலேயே பயணக் கையேடு போட்டவர்கள். அவர்கள் ஊரில் நின்றுகொண்டு காரில்லாத பயணத்தைப் புகழ்வதில் எனக்குக் கொஞ்சம் குறும்புச் சந்தோஷம் உண்டு.

நகருக்கு மேற்கே வடக்குத் தெற்காக சுமார் 80 எரிமலைக் குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. 2018-இல் யுனெஸ்கோ இந்த வரிசையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நடுவில் உயர்ந்து நிற்பது பியூய் த தோம், 1,465 மீட்டர். பருவ காலத்தில் நகரிலிருந்து அடிவாரத்துக்குப் பேருந்து உண்டு. அங்கிருந்து உச்சிக்கு 2012 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. நம் ஊட்டி ரயிலுக்கு இருப்பதுபோல இதற்கும் பல்சக்கரம், ஆனால் ஏறி முடிக்கக் கால் மணி நேரம்தான். 1907 முதல் 1926 வரை இதே மலையில் நீராவி டிராம் ஓடியது. பிறகு அதைத் தூக்கிவிட்டுச் சாலை போட்டார்கள். இப்போது மறுபடியும் தண்டவாளம்!

உச்சி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஒளிபரப்புக் கோபுரம், ரோமானியர் காலத்து மெர்க்குரி கோயிலின் இடிபாடு, சுற்றிக் கூட்டம். ஆனால் 1648 செப்டம்பர் 19 அன்று இங்கே நடந்ததை நினைத்துக்கொண்டு நின்றால் கூட்டம் மறந்துபோகும். அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பாதரசமும் கண்ணாடிக் குழாயுமாக நகரிலிருந்து வந்து இதன்மேல் ஏறினார். இன்னொரு குழாயை நகரத்து மடத்துத் தோட்டத்தில் வைத்துவிட்டு, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு துறவியை அமர்த்தியிருந்தார். கீழே பாதரசம் அசையவில்லை. உச்சியில் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. காற்றுக்கு எடை உண்டு, மேலே போகப் போக அது குறைகிறது என்பது அன்றைக்கு உறுதியானது.

ரயிலில் ஏறியவர்கள் ரயிலிலேயே இறங்கிவிடக் கூடாது. வடக்குச் சரிவில் ஆட்டுப் பாதை என்று ஒன்று இருக்கிறது. அதில் இறங்கிப் பாரியு குன்றுக்குப் போனால், புல் மூடிய வட்டமான எரிமலை வாய் ஒன்று கால்மாட்டில் விரிகிறது. ஆழம் 90 மீட்டருக்குக் குறையாது. சாம்பலும் எரிமலைக் கற்களும் குவிந்த சரிவு காலடியில் கரையாமலிருக்க மரப்படி போட்டிருக்கிறார்கள். தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுபோக வேண்டும். உலகமெங்கும் புட்டியில் விற்கிற வோல்விக் தண்ணீர் இந்த மலைகளில் பெய்கிற மழைதான். ஆனால் பெய்தது பெய்தபடி எரிமலைக் கற்களுக்குள் இறங்கி, விளிம்பில்தான் ஊற்றாக வெளிப்படுகிறது. மேலே ஓடையும் இல்லை, சுனையும் இல்லை.

இதெல்லாம் ஒத்திகை. என் மனம் கவர்ந்த இடம் தெற்கே இருக்கிற காந்தால். வரிசைக் குன்றுகளில் கடைசியாக வெடித்தது 8,000 ஆண்டுகளுக்குச் சற்று முந்தி. காந்தாலோ பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அடங்கிய கிழ எரிமலை. குறுக்களவு 60 கிலோமீட்டருக்கு மேல். ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிமலைகளில் ஒன்று. பனியாறுகள் அதை அரித்து, நடுவிலிருந்து குடைக் கம்பிகள்போல நாலாபக்கமும் பள்ளத்தாக்குகளை வெட்டிவிட்டன. கிளெர்மோனிலிருந்து ஒரியாக் போகிற ரயில் அவற்றில் ஒன்றான அலாஞோன் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு மலையின் மையத்துக்கே ஏறுகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் லியோரான் நிலையம், 1,152 மீட்டர். அதை விட்டதும் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் விழுகிற மழை லுவார் நதிக்குப் போகும், அந்தப் பக்கம் விழுவது தோர்தோஞ் நதிக்குப் போகும். ஓர் எரிமலையின் உடம்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பயணச்சீட்டு வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும்.

லியோரானில் இறங்கி 700 மீட்டர் உயரம் ஏறினால் ப்ளோம் து காந்தால், 1,855 மீட்டர், இந்த எரிமலையின் உச்சி. முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்குக் கம்பிவட ஊர்தியும் உண்டு. எதிரே கூம்பாக நிற்கிற பியூய் க்ரியு, எரிமலையின் உள்ளே திரண்டு இறுகிய குழம்பு. சுற்றியிருந்ததை அரிப்பு கொண்டுபோக, அது மட்டும் நிற்கிறது.

காரில் வந்தவர் இங்கிருந்து வந்த வழியே திரும்ப வேண்டும், அல்லது சுற்றிச் சுற்றி அதே வண்டியிடம் வர வேண்டும். கட்டிப்போட்ட மாடுதான். ரயிலில் வந்தவருக்கு முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அவர் கிழக்கே இறங்கலாம். ப்ரா த பூக் கணவாய், சிவந்த உடம்பும் நீண்டு வளைந்த கொம்புமாக மேய்கிற சாலேர் மாடுகள், ஆல்ப்பியேர் கிராமம், பிறகு எரிமலைப் பாறைமேல் நிற்கிற ப்ரெதோன் தேவாலயம், அதன் காலடியில் முரா என்ற சிற்றூர். முராவில் ரயில் நிற்கும். காலையில் வந்த அதே பாதை. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால்தான் மலையைக் கடந்ததாக அர்த்தம் என்று நினைக்கிறவன் நான்.

குறை இல்லாமலில்லை. வண்டிகள் மிகக் குறைவு. கடைசி வண்டியை விட்டால் அந்த ஊரிலேயே அறை தேட வேண்டும். அதனால் உச்சியில் நிற்கும்போதும் ஒரு கண் கடிகாரத்தில்தான் இருக்கும். ரயிலே நின்றுபோன இடமும் உண்டு. ஓவேர்ன் அடங்கிய மத்தியப் பீடபூமியின் ஆக உயர்ந்த சான்சி சிகரம் 1,885 மீட்டர்; அதன் அடிவாரத்து மோன்-தோருக்கு ஒரு காலத்தில் பாரீசிலிருந்தே ரயில் வந்தது. இப்போது பேருந்துதான். தண்டவாளத்தைப் பராமரிக்காமல் விட்டுவிட்டு, பிறகு வண்டியை நிறுத்துவது உலகத்தில் பல ஊர்களில் நடக்கிற கதை. எனக்கு அதில் கோபம் உண்டு.

போகிறவர்கள் ஜூனிலோ செப்டம்பரிலோ போங்கள். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வரும். மொட்டை முகட்டில் ஒதுங்க இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை கால அட்டவணை வேறு, அதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மேய்ச்சல் வேலியின் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். முராவில் வண்டிக்கு நேரமிருந்தால் ட்ரூஃபாத் கேட்டுச் சாப்பிடலாம்: உருளைக்கிழங்கை வதக்கி, இளம் பாலாடைக்கட்டியை அதில் நூல் நூலாக உருக்கிக் கிளறியது. சைவர்கள் மட்டும் முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது. பெரும்பாலும் பன்றிக்கொழுப்பில்தான் வதக்குவார்கள்.