காடைத் தீவனத்தில் மூலிகைத் தைலம்: எவ்வளவு, எதற்கு?

(பெண்கள் சுயதொழில் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வட்டியில்லாக் கடன் வாங்கிக் காடை வளர்ப்பவர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். “தீவனத்தில் மூலிகைத் தைலம் கலந்தால் காடை சீக்கிரம் எடை போடுமாமே, வாங்கலாமா?” இன்று அதை மட்டும் பேசுவோம்.

பறவைக்கு நோய் இல்லாதபோதும், வேகமாக வளரட்டும் என்று தீவனத்தில் கொஞ்சம் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் பல நாடுகளில் இருந்தது. அதில் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. பிறகு நம் பிள்ளைக்கு நோய் வரும்போது அதே வகை மருந்து வேலை செய்யாமல் போகலாம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் அந்தப் பழக்கத்துக்கு முழுத் தடை விதித்தது. நம் நாட்டிலும் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் கொடுப்பது 2019-ல் தடை செய்யப்பட்டது. மருந்துக்கு மாற்றாக என்ன கொடுக்கலாம் என்று தேடியவர்கள் மூலிகைத் தைலத்துக்கு வந்தார்கள்.

இதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஓமத்தைக் கசக்கினால் வரும் நெடி தைமால் என்ற பொருளின் நெடி. கிராம்பில் இருப்பது யூஜெனால். இவை கிருமியின் மேலுறையைச் சிதைக்கும். செரிமான நீர் சுரக்கவும் உதவும். துருக்கி ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் வீதம் தைம் என்ற மூலிகையின் தைலம் தின்ற காடைகள், எதுவும் சேர்க்காத காடைகளைவிட நன்றாக எடை கூடின. தைமிலும் முக்கியமாக இருப்பது தைமால்தான். கருஞ்சீரகத் தைலம் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. கருஞ்சீரகத்தின் மேல் நமக்குள்ள மதிப்பு வேறு, காடைக்கு எடை கூடுமா என்பது வேறு. கடையில் விற்கும் கருஞ்சீரக எண்ணெய் பெரும்பாலும் செக்கில் ஆட்டியது. நான் சொல்லும் தைலம் ஆவியில் வடிப்பது. இரண்டும் ஒன்றல்ல.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு காடை ஐந்து வாரத்தில் சுமார் அரைக் கிலோ தீவனம் தின்னும். 200 காடைக்கு 100 கிலோ. அதற்கு 60 மில்லிகிராம் வீதம் போட்டால் மொத்தம் 6 கிராம் தைலம். ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்! லிட்டர் கணக்கில் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

அளவு இவ்வளவு சிறியது என்பதால் கலப்பதில்தான் சிரமம். நேராகத் தீவனத்தில் ஊற்றினால் ஓரிடத்தில் காரமாகத் தங்கிவிடும்; காடை அதைத் தொடாது. முதலில் ஒரு கிலோ மக்காச்சோள மாவில் பிசறி, அதைப் பத்துக் கிலோவில் கலந்து, பிறகு மீதியில் சேர்க்க வேண்டும். தைலம் ஆவியாகிப் போகும். எனவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து மூடி வையுங்கள். எந்தத் தைலம், என்ன அளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள். ஓமத் தைலத்துக்கும் இதே 60 என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். குஞ்சு பொரித்த அன்று காடை மிகச் சிறியதாக இருக்கும். முதல் இரண்டு வாரம் விளக்குச் சூடு குறைந்தாலோ, தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாமல் விட்டு அது விழுந்து நனைந்தாலோ எந்தத் தைலமும் காப்பாற்றாது. அங்கே குஞ்சு சாகிற வீட்டில் தைலத்துக்குச் செலவு செய்வது வீண்.

அதெல்லாம் சரியாக இருக்கிறவர்கள் அடுத்த தொகுதிக் குஞ்சுகளை நூறு நூறாகப் பிரியுங்கள். ஒரு கூண்டுக்கு மட்டும் தைலம் கலந்த தீவனம். மற்றதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. போடும் தீவனத்தை நிறுத்து எழுதுங்கள். வாரம் ஒருநாள் கூண்டுக்கு இருபது காடையைப் பிடித்து எடை போடுங்கள். தைலத்துக்குக் கொடுத்த காசைவிடக் கூடுதல் எடைக்குக் கிடைக்கும் காசு அதிகமா என்று ஐந்தாம் வாரம் உங்கள் நோட்டே காட்டிவிடும். அந்த நோட்டை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.