கடினமான வாத்தியம் கலைஞரை விரட்டுமா?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கருத்தரங்கில், இசையறைக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு நினைவாக எமது கல்லூரியின் சங்கீத அறைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று ஆராய்ந்து சொல்லும்படி சங்கம் எங்கள் நால்வரையும் கேட்டிருந்தது. நாங்கள் நால்வரும் அதே அறையில் பாயில் இருந்து வீணை படித்தவர்கள். இன்று எங்களில் இருவர் இசை கற்பிக்கிறார்கள். மற்ற இருவரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் கணினியில் இசையமைத்துப் பார்ப்பவர்கள்.

கணினிகளும் சின்தசைசர் மென்பொருளும் வாங்கலாம் என்று நாங்கள் சொன்னதும், மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: “பிள்ளைகள், அதுகளைப் பழகிறது சரியான கஷ்டமாமே. ஒரு தவணை தொட்டுப் பார்த்துவிட்டு எல்லாரும் விட்டுவிட்டால் காசு வீண்தானே? பொத்தானை அழுத்தினால் வாசிக்கிற கீபோர்ட் நாலு வாங்கினால் காணாதா?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடியதன் விளைவே இந்த உரை.

முதலில் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். எங்களில் மூவர் ஆசையோடு காசு கொடுத்து வாங்கிய மென்பொருளைச் சில மாதங்களில் கைவிட்டோம். திரையைத் திறந்தால் ஒரு விமானத்தின் முன்பலகைபோல் குமிழ்களும் எண்களும். ஒன்றைச் சற்றுத் திருப்பினால் மணியோசை இரைச்சலாகிவிடும். பழைய இடத்துக்குத் திரும்பவும் வழி தெரியாது. ஒரு மணித்தியாலம் முயன்ற பிறகு, அதிலே ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஆயத்த ஒலி ஒன்றைத் தெரிந்து அதையே வாசித்தோம். பிறகு அதையும் விட்டோம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்த மென்பொருள்களுக்கெல்லாம் ஒரு முன்னோர் உண்டு. அதன் கதையை அறிந்தபோது எங்கள் மனம் கொஞ்சம் ஆறியது.

1967இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கணினியில் ஒரு சுரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் கமகத்தில் சுரத்தை அசைப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசைவின் வேகத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் அசைவு காதுக்குக் கேட்காமல் போய், சுரத்தின் நிறமே மாறியது. ஒரு அலை இன்னொரு அலையின் அதிர்வெண்ணை ஆட்டுவதால் புதிய ஒலி பிறக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். அந்த முறையின் உரிமத்தை யப்பானின் யமஹா நிறுவனம் பெற்றது. 1983இல் டி.எக்ஸ். 7 என்ற சின்தசைசர் வெளிவந்தது.

அது ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. எண்பதுகளின் ஆங்கில மெல்லிசைப் பாடல்களில் கேட்கும் அந்தப் பளிங்கு போன்ற மின்பியானோ பெரும்பாலும் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அதில் புதிதாக ஒரு ஒலியை அமைப்பது பெரும்பாடு. ஆறு அலையாக்கிகள், அவற்றை ஒன்றோடொன்று இணைக்க 32 விதங்கள், ஒரு ஒலிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள். அத்தனையையும் மாற்றுவதற்கு இருந்ததோ இரண்டு வரிகள் மட்டும் காட்டும் சிறு திரையும், தட்டையான பொத்தான்களும், மேலும் கீழும் நகரும் ஒரு பிடியும்தான். 1970இல் வந்த மினிமூக்கில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குமிழ் இருந்தது. கை போன இடத்தில் காது போனது. டி.எக்ஸ். 7இல் கைக்கும் காதுக்கும் நடுவே எண் வந்து நின்றது.

விளைவு என்ன? கலைஞர்கள் வாத்தியத்தை விட்டு ஓடவில்லை. ஒலி அமைக்கும் வேலையைத்தான் விட்டு ஓடினார்கள். தொழிற்சாலை அமைத்துக் கொடுத்த அதே சில ஒலிகளை ஆயிரக்கணக்கானோர் வாசித்தார்கள். பிரையன் ஈனோ போன்ற சிலரே பொறுமையாக உள்ளே இறங்கித் தமக்கென்று ஒலிகளைச் செய்தார்கள். ஆகவே, அக்கா கேட்ட கேள்விக்கு எங்கள் முதல் பதில் இது: கடினம் பிள்ளைகளை விரட்டும், ஆனால் அறையை விட்டு அல்ல. ஆயத்த ஒலிகளுக்குள் அடைத்துவிடும். எல்லோரும் வாசிப்பார்கள், ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி ஒலிப்பார்கள். அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் அதற்கு நாங்கள் கூடுதலாகப் பயப்படுகிறோம்.

டி.எக்ஸ். 7ஐ அப்படியே கணினிக்குள் கொண்டுவந்த டெக்ஸட் என்ற இலவச மென்பொருள் இன்று இருக்கிறது. எல்லா எண்களும் ஒரே திரையில் தெரிகின்றன. அது உதவிதான். ஆனாலும் எந்த எண் காதில் என்ன செய்யும் என்பது அப்போதும் தெரியாது.

கடினத்தை வேறு விதமாகக் கையாண்டவர்களும் உண்டு. 2014இல் வந்த சீரம், 2020இல் வந்த வைற்றல் ஆகிய மென்பொருள்கள் உள்ளே எளிமையானவை அல்ல. ஆனால் அலையின் வடிவம் திரையில் தெரிகிறது. குமிழைத் திருப்பினால் வடிவம் மாறுவது கண்ணுக்கும், ஒலி மாறுவது காதுக்கும் ஒரே நேரத்தில் எட்டுகிறது. இளைஞர்கள் அவற்றில் மணிக்கணக்காக இருக்கிறார்கள். அதற்கும் முன்பே, 1986இல், லோரி ஸ்பீகல் என்ற பெண் இசையமைப்பாளர் ‘மியூசிக் மவுஸ்’ என்ற மென்பொருளை எழுதினார். கணினியின் எலியை நகர்த்தினால் போதும், சுர வரிசையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வாசிப்பவர் இசையின் போக்கைப் பற்றி மட்டும் யோசிக்கலாம். மென்பொருளை எழுதியவரே இசைக்காரி என்பதால் எதை வாசிப்பவரிடம் விடவேண்டும், எதை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி, தொட்டால் சிணுங்கும் வாத்தியங்களைப் பற்றி. ஒலியை அமைப்பது கடினம் என்பது ஒரு வகை. வாசிக்கும் கையின் சிறு அசைவுக்கும் மாறிவிடுவது இன்னொரு வகை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதே எங்கள் பழைய பிழை.

கீபோர்டின் இடப்பக்கத்தில் சுருதியை வளைக்க ஒரு சக்கரம் இருக்கும். பெரும்பாலும் அது இரண்டு சுரத்தானம் மட்டுமே தள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கும். வீணையிலோ ஒரே மெட்டில் கம்பியை இழுத்து மூன்று, நான்கு சுரத்தானம் வரை போகிறோம். சரி, சக்கரத்தின் எல்லையைப் பன்னிரண்டாக மாற்றுவோம் என்று செய்து பார்த்தோம். இப்போது விரல் அதே அளவு நகர்ந்தால் சுருதி ஆறு மடங்கு நகரும். விரல் சற்று நடுங்கினாலும் அபசுரம். எங்களில் ஒருத்தி “இது வாத்தியமில்லை, தண்டனை” என்று எழும்பிப் போய்விட்டாள்.

மற்றொருத்தி மட்டும் விடவில்லை. நாளுக்கு அரை மணித்தியாலம் ஒரே ஒரு சுரத்தை ஏற்றி இறக்கிப் பழகினாள். ஆறு மாதத்தின் பின் அவள் அனுப்பிய ஒலிப்பதிவில் மோகனத்தின் காந்தாரம் காந்தாரமாகவே நின்றது. அதைக் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. வீணையில் ஒரு கமகம் சரியாக விழ எத்தனை வருடம் எடுத்தோம்? விரல் நுனி வெடித்து, எண்ணெய் தடவி, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஒவ்வொரு தரமாக ஏறி வந்தோம். வீணை சிணுங்குகிறது என்று ஒரு நாளும் யாரும் குறை சொல்லவில்லை. ஏனென்றால் நேற்றைவிட இன்று நன்றாக இருக்கிறது என்பது எங்கள் காதுக்கே தெரிந்தது.

ஆகவே எங்கள் முடிவு இதுதான். கடினம் கலைஞரை விரட்டுவதில்லை. உழைத்ததற்குக் காது வழியே பலன் காட்டாத கடினம்தான் விரட்டுகிறது.

கமகம் உள்ள இசையில் வளர்ந்தவர்களுக்குச் சிணுங்கும் வாத்தியம் ஒரு வரமாகவும் கூடும். கட்டைகளே இல்லாமல், விரல் வழுக்கும் பரப்பாக இருக்கும் ஹேக்கன் கன்ரினூம் என்ற கருவியை ஏ. ஆர். ரஹ்மான் 2009இல் வந்த ‘டெல்லி 6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் வாசித்திருக்கிறார். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடம்தரும் எம்.பி.ஈ. என்ற நியமமும் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. எமது பிள்ளைகளின் விரலில் ஏற்கெனவே இருக்கும் பயிற்சிக்கு அங்கே வேலை இருக்கிறது.

இவற்றை வைத்துச் சங்கத்தின் முன் எங்கள் பரிந்துரைகளை வைக்கிறோம்.

முதலாவது, மென்பொருளுக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம். டெக்ஸட், சேர்ஜ் இரண்டும் இலவசம். வைற்றலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. காசை விரலழுத்தத்தை உணரும் கீபோர்டுக்கும், மிதிக்கும், நல்ல ஒலி இடைமுகத்துக்கும் கொடுப்போம். பல பிள்ளைகள் வெறுத்துப்போவதற்குக் காரணம் ஒலியமைப்புக் கூட அல்ல, தாமதம். செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், கணினி 1,024 மாதிரிகளைச் சேர்த்து வைத்து அனுப்பினால் அதற்கே 23 மில்லிசெக்கன் போய்விடும். கட்டையை அழுத்தியபின் ஒலி வந்தால் தாளம் எப்படி நிற்கும்? அதை 256க்குக் குறைத்தால் ஏறக்குறைய ஆறு மில்லிசெக்கன்தான். ஆனால் வலுவில்லாத கணினி அப்போது கரகரக்கும். ஆகையால் பத்துச் சாதாரணக் கணினிகளை விட நான்கு நல்ல கணினிகள் மேல்.

இரண்டாவது, முதல் தவணையில் மூன்றே குமிழ்கள். ஒலி எவ்வளவு மெதுவாக எழும்புகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது. ஆயத்த ஒலி ஒன்றிலிருந்து தொடங்கி இந்த மூன்றையும் மாற்றி, தவணை முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரில் ஒரு ஒலியைச் சேமிக்கட்டும். மற்றக் குமிழ்கள் எங்கும் ஓடிவிடாது.

மூன்றாவது, வாரத்தில் இரண்டு நாளாவது பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுக்க ஒரு ஆசிரியைக்கு ஊதியம். எங்களில் மூவர் தனியாக இருந்ததால்தான் கைவிட்டோம். வீணையைப் புத்தகம் பார்த்துப் படித்திருந்தால் அதையும் விட்டிருப்போம்.

நான்காவது, வீணைகள் அந்த அறையிலேயே இருக்கட்டும். கணினி வைக்க இடம் வேண்டும் என்று அவற்றைக் களஞ்சிய அறைக்கு அனுப்பவேண்டாம். கமகத்தைக் கையில் அறிந்த பிள்ளைக்குத்தான் கணினியிடம் என்ன கேட்கவேண்டும் என்று தெரியும்.

கேள்வி கேட்ட அக்காவுக்கு எங்கள் நன்றி. அவர் கேட்டிராவிட்டால் நாங்கள் விலைப்பட்டியலோடு மட்டும் வந்திருப்போம். பொத்தானை அழுத்தினால் வாசிக்கும் கீபோர்டும் ஒன்று இருக்கட்டும். காலைப் பிரார்த்தனைக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் அது தேவைதான். ஆனால் இரண்டாவது நூற்றாண்டில் இந்த அறையிலிருந்து வெளியே போகும் பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு ஒலி இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறோம். உலகின் எந்த மூலையில் இருந்தாலும் இதற்கு உதவக்கூடிய பழைய மாணவிகள் சங்கத்துடன் தொடர்புகொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம். காசு இல்லாதவர்கள் வாரத்தில் ஒரு மணித்தியாலம் தந்தாலும் போதும்.